கம்ப்யூட்டர் இல்லாமலே கம்ப்யூட்டர் பாடம்!

கலந்தாய்வு முடிந்துவிட்டது. என்ஜினீயரிங் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. அம்மா அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தாள். அப்பா அந்தச் சேர்க்கைக் கடிதத்தைப் பத்துத் தடவையாவது பிரித்துப் பார்த்திருப்பார். வீடே கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.

ஆனால், இடம் கிடைத்த பெண்ணின் முகத்தில் மட்டும் அந்தச் சந்தோஷம் இல்லை!

திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கப் பள்ளியில் தமிழில் படித்தவள். பிளஸ் டூவில் எடுத்தது உயிரியல் பிரிவு. கணக்கில் நல்ல மார்க். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள்தான். கல்லூரி திறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. முதல் ஆண்டுப் பாடங்களின் பட்டியல் கைக்கு வந்தது. அதில் ஒரு வரியைப் படித்ததும் அவளுக்குப் பகீர் என்றது.

அந்த வரி: கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் பாடம்!

அவள் ஒருத்தியின் கவலை அல்ல இது. அண்ணா பல்கலைக் கழகம் 2017-லும் 2021-லும் வகுத்த பாடத்திட்டங்களில், முதல் பருவத்திலேயே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதும் பாடம் இடம் பெற்றது. சிவில் எடுத்தாலும் சரி, மெக்கானிக்கல் எடுத்தாலும் சரி, அதைப் படித்தே ஆகவேண்டும். அதே 2021-ஆம் ஆண்டில்தான், அரசாங்கப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் போன்ற படிப்புகளில் 7.5 சதவிகித இடங்களைத் தமிழ்நாடு அரசாங்கம் ஒதுக்கியது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரைக் கூடப் பார்த்திராத பிள்ளைகள், வகுப்பில் வந்து உட்கார்ந்த முதல் மாதமே புரோகிராம் எழுதவேண்டிய நிலை ஏற்பட்டது.

முதல் பருவத்திலேயே ஒரு 'அரியர்' விழுந்தால் என்ன ஆகும்? வீட்டில் சொல்லவும் முடியாது, மெல்லவும் முடியாது. "நமக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது" என்ற எண்ணம் மனசில் விழுந்துவிடும். ஒரு பாடத்தில் தோற்ற பிள்ளை, அந்த எண்ணத்தினாலேயே மற்றப் பாடங்களிலும் பின்தங்கிவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மூன்று பயங்கள்

இப்படிப்பட்ட மாணவ மாணவிகளின் பயத்தைப் பிரித்துப் பார்த்தால், அதில் மூன்று பயங்கள் இருக்கும்.

ஒன்று: "என்னிடம் கம்ப்யூட்டர் இல்லையே!"

இரண்டு: "பள்ளியில் நான் கம்ப்யூட்டர் படிக்கவில்லையே!"

மூன்று: "எனக்கு இங்கிலீஷ் சரியாக வராதே!"

மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அந்தப் பதில்களைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்!

பிறக்காத யந்திரத்துக்குப் புரோகிராம்

முதல் பயத்தை எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் இல்லாமல் புரோகிராம் எழுதப் பழக முடியுமா?

உலகத்தில் முதன்முதலாக அச்சில் வந்த புரோகிராம் என்று பலரும் சொல்லும் புரோகிராமை எழுதியவர் ஒரு பெண். பெயர் ஏடா லவ்லேஸ். இங்கிலாந்து நாட்டவர். 1843-ஆம் ஆண்டில், தமது 27-வது வயதில் அதை எழுதினார். சார்லஸ் பாபேஜ் என்பவர் ஒரு பெரிய கணக்கு யந்திரத்துக்குத் திட்டம் போட்டிருந்தார். அந்த யந்திரம் ஒரு சிக்கலான கணக்கை எந்த வரிசையில், எப்படிப் போடவேண்டும் என்பதை ஏடா படிப்படியாக ஒரு பட்டியலாக எழுதிக் காட்டினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த யந்திரத்தை பாபேஜ் கடைசிவரை கட்டி முடிக்கவே இல்லை! ஏடா அதைக் கண்ணால் பார்க்காமலே காலமானார். அவரிடம் இருந்தவை காகிதமும், பேனாவும், தெளிவான யோசனையுமே.

நம் நாட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-ல் 'ஐ.பி.எம். 1620' என்ற கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டு பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் வி. ராஜாராமன். 1933-ல் ஈரோட்டில் பிறந்தவர். இந்தியாவில் கம்ப்யூட்டர் கல்விக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். புரோகிராம் எழுதுவதைப் பற்றி அவர் எழுதிய புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாடு முழுவதும் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படித்தார்கள். 1998-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

அந்தக் காலத்தில் மாணவர்களுக்கு ஆளுக்கொரு கம்ப்யூட்டரா இருந்தது? இல்லை. புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. அட்டையில் 80 நெட்டு வரிசைகள். அதில் துளை போடவேண்டும். துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். விடை அச்சாகி வரும். ஓரிடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் விடை வராது. தவறு என்ற செய்திதான் வரும். மறுபடியும் அட்டை, மறுபடியும் காத்திருப்பு!

அதனால் அவர்கள் என்ன செய்தார்கள்? யந்திரத்துக்கு அனுப்புமுன், புரோகிராமைக் காகிதத்திலேயே ஓட்டிப் பார்த்தார்கள். "இப்போது நானே கம்ப்யூட்டர்" என்று எண்ணிக்கொண்டு, வரிவரியாகப் போய், ஒவ்வொரு வரியிலும் எந்த எண் என்ன ஆகிறது என்று எழுதினார்கள். சிரமமான காலம்தான். ஆனால், அப்படிப் பழகியவர்களுக்குப் பாடம் மனசில் நன்றாகப் பதிந்தது.

கம்ப்யூட்டர் இல்லாத மாணவி இன்றைக்கும் அதே வழியில் பழகலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும்.

டீ போடத் தெரியுமா?

புரோகிராம் என்றால் என்ன? செய்யவேண்டிய வேலையை, ஒரு படிகூட விடாமல், வரிசையாக எழுதிக் கொடுப்பது. அவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள், தெரியும்! டீ போடும் முறையை எழுதித் தம்பியிடம் கொடுக்கட்டும். "எழுதியதை மட்டும்தான் செய்யவேண்டும், சொந்த மூளையை உபயோகிக்கக் கூடாது" என்று நிபந்தனை போடட்டும்.

"பாத்திரத்தில் தண்ணீர் ஊற்று" என்று எழுதியிருந்தால், தம்பி ஊற்றிக்கொண்டே இருப்பான். எவ்வளவு என்று எழுதவில்லையே! "அடுப்பில் வை" என்றால் வைத்துவிட்டுச் சும்மா நிற்பான். அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லவில்லையே! வீடே சிரிக்கும். ஆனால் கம்ப்யூட்டரும் இந்தத் தம்பி மாதிரிதான். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது.

திருத்தி எழுதிய பிறகு பார்த்தால், அதில் மூன்றே விதமான கட்டளைகள் இருப்பது தெரியும். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது ஒரு விதம். "சர்க்கரை வேண்டுமென்றால் போடு, வேண்டாமென்றால் விட்டுவிடு" என்பது இரண்டாவது விதம். "கொதிக்கும்வரை கிளறிக்கொண்டே இரு" என்பது மூன்றாவது விதம். எவ்வளவு பெரிய புரோகிராமாக இருந்தாலும் இந்த மூன்றைக் கொண்டே அமைத்துவிடலாம் என்று, 1966-ல் போம், ஜாகோபினி என்ற இரண்டு இத்தாலிய அறிஞர்கள் கணித முறைப்படி நிரூபித்தார்கள். ராக்கெட்டை ஓட்டும் புரோகிராமும், டீ போடும் குறிப்பும் இந்த வகையில் ஒரே ஜாதி!

தக்காளி விலையும் பூஜ்யமும்

அண்ணா பல்கலைக் கழகத்தின் அந்த 2017, 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டங்களைத் திறந்தால், முதல் பகுதியில் பழகுவதற்கென்று சில கணக்குகள் இருந்தன. ஒரு பட்டியலில் மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிப்பது. மனசில் நினைத்த எண்ணை ஊகிப்பது. அடுக்கிய சீட்டுகளுக்கு நடுவே புதுச் சீட்டைச் செருகுவது. 'ஹனோய் கோபுரம்' என்ற விளையாட்டு. நான்கையும் வீட்டுத் திண்ணையிலேயே பழகலாம்.

முதல் கணக்கைப் பார்ப்போம். சந்தையில் ஐந்து கடைகள். தக்காளி விலை 40, 35, 50, 28, 30 ரூபாய். எது குறைவு? பார்த்த மாத்திரத்தில் 28 என்று சொல்லிவிடுவீர்கள். கம்ப்யூட்டரால் அப்படி ஒரே பார்வையில் சொல்ல முடியாது. ஒரு தடவைக்கு இரண்டு எண்களைத்தான் அது ஒப்பிடும்.

ஆகவே ஐந்து விலைகளையும் ஐந்து சீட்டுகளில் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். முதல் சீட்டைத் திருப்புங்கள்: 40. 'இதுவரை குறைவு' என்று நோட்டில் 40 எழுதுங்கள். அடுத்தது 35. அது சிறியது, 40-ஐ அடித்துவிட்டு 35 எழுதுங்கள். அடுத்தது 50. பெரியது, விட்டுவிடுங்கள். அடுத்தது 28. மாற்றுங்கள். கடைசி 30. விட்டுவிடுங்கள். நோட்டில் நிற்பது 28. இதுதான் விடை.

ஐந்து சீட்டுக்குச் செய்ததையே ஐந்து லட்சம் சீட்டுக்கும் செய்யலாம். முறை ஒன்றே.

இந்த இடத்தில் புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. முதல் சீட்டைத் திருப்புவதற்கு முன்பே 'இதுவரை குறைவு' என்ற இடத்தில் பூஜ்யம் எழுதி ஆரம்பித்துவிடுவார்கள். என்ன ஆகும்? பூஜ்யத்தை விடக் குறைந்த விலைக்குத் தக்காளி விற்கும் கடை உண்டா? கடைசிவரை பூஜ்யமே நிற்கும். "தக்காளி இலவசம்" என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும்! காகிதத்தில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தவறு இரண்டாவது சீட்டிலேயே தெரிந்துவிடும்.

ஏழே கேள்வி!

அடுத்து ஊகிக்கும் விளையாட்டு. தம்பி 1 முதல் 100 வரை ஓர் எண்ணை மனசில் நினைத்துக்கொள்ளட்டும். அக்கா ஓர் எண்ணைச் சொல்லவேண்டும். "சரி", "அதைவிடப் பெரியது", "அதைவிடச் சிறியது" என்று மட்டும் அவன் பதில் சொல்லலாம்.

1, 2, 3 என்று வரிசையாகக் கேட்டால் பொழுது போய்விடும். நடுவில் இருக்கும் 50-ஐக் கேட்டால்? ஒரே கேள்வியில் பாதி எண்கள் கழிந்துவிடும். மிஞ்சியதில் மறுபடியும் நடு எண். இப்படியே போனால், எந்த எண்ணாக இருந்தாலும் ஏழு கேள்விக்குள் பிடித்துவிடலாம். ஆயிரம் வரை என்றால் பத்து. பத்து லட்சம் வரை என்றாலும் இருபதே கேள்வி!

அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது, நடுவில் திறந்து பார்த்து முன்னே பின்னே போகிறோம் அல்லவா? அதே உபாயம்தான் இது.

மூன்று தட்டு வித்தை

'ஹனோய் கோபுரம்' என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எடுவார்டு லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1883-ல் வெளியிட்ட விளையாட்டு அது. சமையலறையில் இருந்து பெரிய தட்டு, நடுத் தட்டு, சிறிய தட்டு ஆகிய மூன்றை எடுத்து, பெரியது அடியிலும் சிறியது மேலேயும் இருக்கும்படி அடுக்குங்கள். தரையில் அ, ஆ, இ என்று மூன்று இடங்கள். தட்டுகள் அ-வில் இருக்கின்றன. இ-க்குக் கொண்டுபோகவேண்டும். ஒரு தடவைக்கு ஒரு தட்டுத்தான் எடுக்கலாம். சிறிய தட்டின் மேல் பெரிய தட்டை வைக்கக் கூடாது.

வழி இதோ: சிறியது இ-க்கு, நடு ஆ-வுக்கு, சிறியது ஆ-வுக்கு, பெரியது இ-க்கு, சிறியது அ-வுக்கு, நடு இ-க்கு, சிறியது இ-க்கு. ஏழே நகர்த்தல்!

நான்கு தட்டு என்றால்? புதிதாக மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. மேலே உள்ள மூன்றை நடு இடத்துக்குக் கொண்டுபோக 7. அடித்தட்டை நகர்த்த 1. மூன்றையும் மறுபடி அதன்மேல் கொண்டுவர 7. மொத்தம் 15. பெரிய வேலைக்குள் அதே மாதிரி ஒரு சின்ன வேலை ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் புரோகிராம் எழுதுகிறவரின் சாமர்த்தியம்.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக் கூடும்போதும் வேலை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. 64 தட்டுகளை வைத்து, விநாடிக்கு ஒன்று வீதம் நகர்த்தினால், முடிவதற்கு 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! கம்ப்யூட்டர் வேகமானதுதான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இது காட்டுகிறது.

வாசலில் போடும் பாடம்

இரண்டாவது பயம், "நான் கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கவில்லையே" என்பது.

அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் இருந்தார்கள். விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைக் கையாளவேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அதற்காகவே 'பேசிக்' என்ற எளிய கம்ப்யூட்டர் மொழியை உண்டாக்கினார்கள். 1964-ஆம் ஆண்டு மே முதல் தேதி, விடியற்காலை நான்கு மணிக்கு அந்த மொழியில் முதல் புரோகிராம் ஓடியது. அதை ஓடவைத்த வேலையில் கல்லூரி மாணவர்களுக்கே பெரும் பங்கு உண்டு. சரித்திரம், இலக்கியம் படித்தவர்களும் அங்கே புரோகிராம் எழுதினார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். நம் வீட்டு வாசலுக்கே வருவோம். அம்மா புள்ளி வைக்கிறாள். எண்ணிக்கை தவறாமல் வரிசை வைக்கிறாள். ஒரே வளைவைத் திருப்பித் திருப்பிப் போட்டு ஒரு பெரிய கோலத்தை முடிக்கிறாள். இது ஒரு முறைப்படியான வேலை அல்லவா? சென்னை கிறிஸ்துவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் இதைக் கம்ப்யூட்டர் விஞ்ஞானக் கண்ணோடு ஆராய்ந்தார்கள். கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து கோலங்களின் இலக்கணத்தைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை 1974-ல் ஒரு வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. கோலம் போடத் தெரிந்த பெண்ணுக்குப் புரோகிராமின் முதல் பாடம் ஏற்கெனவே தெரியும்!

கணக்கில் தப்பு, இங்கே சரி!

கணக்கில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்களே திகைத்துப்போகும் ஓர் இடம் உண்டு. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

புரோகிராமில் "அ = அ + 1" என்று எழுதுவார்கள். கணக்கு வாத்தியாரிடம் இப்படி எழுதிக் காட்டினால் காதைத் திருகுவார். ஓர் எண் தன்னைவிட ஒன்று அதிகமாக எப்படி இருக்க முடியும்? ஆனால் புரோகிராமில் அந்த அடையாளத்துக்கு 'சமம்' என்று பொருள் இல்லை. 'போடு' என்று பொருள். 'அ' என்பது ஓர் உண்டியல். அதில் இருப்பதை எண்ணி, ஒன்று கூட்டி, மறுபடியும் அதே உண்டியலில் போடு என்பதுதான் அந்தக் கட்டளை.

இன்னொன்று: பைத்தான் மொழியில் பட்டியலை எண்ணும்போது ஒன்றிலிருந்து ஆரம்பிப்பதில்லை, பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். மாடிக் கட்டடத்தில் தரைத் தளத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ளதை முதல் மாடி என்கிறோம் அல்லவா? அதைப்போல என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இங்கிலீஷ் எவ்வளவு வேண்டும்?

இப்போது மூன்றாவது பயம். இதுதான் பிள்ளைகளை அதிகமாக வாட்டும் பயம்.

பைத்தான் மொழியை நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ராசம் 1991-ல் வெளியிட்டார். அந்த மொழிக்கே உரிய சொற்கள் எத்தனை தெரியுமா? அதன் 3.8 என்ற பதிப்பில் 35 சொற்கள். 1989-ல் அமெரிக்காவில் தரப்படுத்திய 'சி' என்ற மொழியில் 32 சொற்கள். 'இஃப்', 'எல்ஸ்', 'ஒயில்' போன்ற சின்னச் சொற்கள். இவற்றோடு உடன் உபயோகிக்கும் சில பெயர்களையும் தெரிந்துகொண்டால் ஆரம்பப் பாடத்தை நடத்திவிடலாம். தினம் மூன்று சொல் வீதம் கற்றாலும் பன்னிரண்டு நாளில் 35 சொற்களும் முடிந்துவிடும்!

பாடம் நடப்பதும் பரீட்சை எழுதுவதும் இங்கிலீஷில் இருக்கலாம். ஆனால் யோசிப்பதைத் தமிழில் செய்யக்கூடாது என்று யார் சொன்னார்கள்? தக்காளிக் கணக்கின் படிகளைத் தமிழில் எழுதி, சரி பார்த்து, பிறகு ஒவ்வொரு வரியாக மாற்றினால் போதும்.

அதற்கு உதவியும் உண்டு. தமிழ்நாட்டு அரசாங்கம் 2018-ல் பதினோராம் வகுப்புக்கும், 2019-ல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கொண்டுவந்த கம்ப்யூட்டர் அறிவியல் பாடப் புத்தகங்கள் தமிழிலும் வந்தன. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் பைத்தான் மொழியையே கற்றுக்கொடுத்தது. உயிரியல் பிரிவில் படித்தவர்கள், பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் பிரிவு படித்த அண்ணன் அக்காமார்களிடம் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படிக்கலாம். 'மாறி', 'மடக்கு', 'செயற்கூறு' என்று தமிழில் புரிந்துகொண்ட பிறகு, வகுப்பில் 'வேரியபிள்', 'லூப்', 'ஃபங்ஷன்' என்று சொல்லும்போது மிரட்சி ஏற்படாது.

கம்ப்யூட்டருக்குள் சிக்கிய பூச்சி

எல்லாம் தெரிந்த பிறகும் தவறு வரும். கட்டாயம் வரும். பெரிய பெரிய மேதைகளுக்கே வந்திருக்கிறது.

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி அமெரிக்காவில் 'மார்க் 2' என்ற ராட்சசக் கம்ப்யூட்டர் கோளாறு செய்தது. திறந்து பார்த்தார்கள். உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டிருந்தது! அதை எடுத்து, தினசரிக் குறிப்பேட்டில் ஒட்டி, கிண்டலாக ஒரு குறிப்பும் எழுதினார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் பணி புரிந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார் பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பிரபலமாக்கினார். கோளாறுக்குப் 'பூச்சி' என்று பெயர் சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. அன்று நிஜப் பூச்சியே கிடைத்துவிட்டது!

சிரிப்புக்கு இடமில்லாத தவறுகளும் உண்டு. செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றிவர அமெரிக்கா அனுப்பிய ஒரு விண்கலம் 1999 செப்டம்பரில் அழிந்துபோனது. காரணம் என்ன? ஒரு புரோகிராம் பிரிட்டிஷ் அளவில் எண்ணைக் கொடுத்தது. வாங்கிய இடத்தில் அதை மெட்ரிக் அளவு என்று எடுத்துக்கொண்டார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அலகைப் போடாவிட்டால் பள்ளிக்கூடத்தில் அரை மார்க் போகும். அங்கே விண்கலமே போய்விட்டது!

தவறே செய்யாமல் இருப்பது யாராலும் ஆகாது. தவறைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமைதான் வேண்டும். முதல் நாள் லேப்பில் திரையில் 'எர்ரர்' என்று வரும். பயந்த பிள்ளை, "எனக்கு வராது" என்று கையை எடுத்துவிடும். பழகிய பிள்ளை, எந்த வரியில் என்று பார்க்கும். பைத்தான் மொழியில் தவறு வந்தால், அநேகமாக அந்த வரியின் எண்ணையும் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. அது திட்டு அல்ல, துப்பு!

ஒரு மாதம் போதும்

ஆக, கல்லூரி திறக்கும்வரை உள்ள நான்கு வாரங்களை எப்படிப் பங்கு போடலாம்?

முதல் வாரம், வீட்டு வேலைகளைப் படிப்படியாக எழுதித் தம்பி தங்கையைச் செய்யச் சொல்லி, விட்டுப்போனதைக் கண்டுபிடித்துத் திருத்தவேண்டும்.

இரண்டாவது வாரம், தக்காளி விலை, எண் ஊகித்தல், தட்டு வித்தை. ஒவ்வொன்றையும் காகிதத்தில் ஓட்டி, எண்கள் மாறுவதைக் கட்டம் போட்டு எழுதவேண்டும்.

மூன்றாவது வாரம், பாடப் புத்தகம். தமிழ்ச் சொல்லையும் இங்கிலீஷ் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பழகவேண்டும்.

நான்காவது வாரம், யந்திரத்தில் கை வைக்கலாம். கைபேசியிலேயே பைத்தான் எழுதிப் பார்க்கும் வசதி உண்டு. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் தோழி வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் கேட்டும் வாங்கலாம். ஐந்து வரிப் புரோகிராம் போதும். அது சரியாக ஓடிய பிறகு, வேண்டுமென்றே ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று படிக்கவேண்டும். தவறுச் செய்தியைப் பயமில்லாமல் படிக்கப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியது போலத்தான். மீதிப் பாதியை வகுப்பில் தாண்டலாம்!

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடன் வாங்கியாவது உடனே கம்ப்யூட்டர் வாங்கவேண்டும் என்று தவிக்கவேண்டாம். பெண் திண்ணையில் உட்கார்ந்து தட்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தால், "படிக்கிற பெண்ணுக்கு இது என்ன விளையாட்டு?" என்று அதட்டாமல் இருந்தால் போதும். அதுதான் பாடம்.

திருவாரூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு வருவோம். கல்லூரிக்குப் பெட்டி கட்டும் நாள் அன்று, பெட்டிக்குள் துணிமணிகளுக்கு மேலே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் அடித்து அடித்து எழுதிய எண்கள் இருக்கும். டீ போடும் குறிப்பு மூன்று தடவை திருத்தி எழுதப்பட்டிருக்கும்.

"கம்ப்யூட்டர் இல்லாமல் அங்கே போய் என்னடி செய்வாய்?" என்று அம்மா கேட்பாள்.

"கம்ப்யூட்டர் கல்லூரியில் இருக்கும், அம்மா. அதுக்குச் சொல்லவேண்டியது இதிலே இருக்கு!" என்று அவள் நோட்டைத் தொட்டுக் காட்டலாம்.